இல்லாத டெலிபோனை எடுத்த தொண்ணூற்றேழு பேர்

1995-ஆம் வருஷம் ஆனி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே இரண்டாவது சந்தில் இருக்கும் அபயாம்பாள் வீட்டில் டெலிபோன் அடித்தது. அந்த வீட்டில் டெலிபோன் கிடையாது. அன்றைக்குக் கத்தரிக்காய் கிலோ ஏழு ரூபாய், முருங்கைக்காய் ஜோடி இரண்டு ரூபாய். விலையை எதற்குச் சொல்கிறேன் என்றால், கத்தரிக்காய் விலையை நம்புகிறவர்கள் மற்றதையும் நம்பலாம் என்பதற்காக. இரண்டும் எனக்கு ஒரே வாயிலிருந்து கிடைத்த செய்திதான். அபயாம்பாள் அப்போது அரிவாள்மணையில் உட்கார்ந்து அந்த ஏழு ரூபாய்க் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். 1987-ல் டெலிபோனுக்கு மனுப் போட்ட கையோடு கூடத்து மூலையில் ஒரு முக்காலி போட்டு, நாத்தனார் பின்னிக் கொடுத்த குரோஷாத் துணியை அதன்மேல் விரித்து, தச்சனைக் கூப்பிட்டு ஜன்னல் சட்டத்தில் வயர் நுழைய ஓட்டையும் போட்டாயிற்று. எட்டு வருஷமாக அந்த ஓட்டை வழியாக எறும்புகள்தான் வந்துபோய்க்கொண்டிருந்தன. இப்போது மணி அந்த முக்காலியிலிருந்துதான் அடித்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், எடுக்க வேண்டியதை எடுத்து, காதில் வைத்தாள். கையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கனம் இருந்தது, அரைக் கிலோ தேறும் என்கிறாள். டெலிபோன் என்றால் சாவுச் செய்தி என்று பழகிய தலைமுறை, அதனால் முதலில் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கத்தான் போட்டேன் என்றது ஒரு பெண் குரல். அபயாம்பாள் நாற்பது நிமிஷம் பதில் சொன்னாள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பேச்சியம்மாள். அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை மேஸ்திரியாக இருந்தவர், மகளையும் பதினெட்டு வயதில் அதே கடையில் சேர்த்துவிட்டார். அவள் அங்கே பதினோரு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். காலை ஒன்பதரையிலிருந்து கடை அடைக்கிற வரைக்கும் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி என்ற பேச்சே கிடையாது. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு முறுக்கிக்கொண்டு பச்சையாகப் புடைத்துவிட்டது. இனிமேல் நின்றால் கால் உன்னுடையது இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் ராயப்பேட்டையில், ஒரு பைண்டிங் கடையின் மாடியில், தென்சென்னை நலக் கணிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன் போட்டு ஜனங்களின் உடம்பைப் பற்றி விசாரித்து ஃபாரம் நிரப்புகிற வேலை. அங்கே அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது, கைப்பிடி வைத்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நாற்காலியை விட்டால் திரும்பவும் கவுண்டர்தான். கதை முழுக்க அந்த நாற்காலி போகுமா நிற்குமா என்பதுதான் சங்கதி.

நிலையத்தை நடத்தியவர் டாக்டர் வெங்கடேஷ். நல்ல மனிதர், படிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு தடிமனான புஸ்தகத்தோடு திரும்பியிருந்தார். போன் போட்டால் நூற்றுக்கு அறுபது பேராவது பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கணக்கே இல்லை என்று அந்தப் புஸ்தகத்தில் போட்டிருந்தது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள் போன் போடச் சொன்னதும் அதே புஸ்தகம்தான். ஆகவே மயிலாப்பூரிலும் அடையாறிலும் விளக்கு வைக்கிற நேரம் பார்த்து மணி அடித்து, தங்களுக்குச் சர்க்கரை நோய் உள்ளதா, மாரடைப்பு உள்ளதா, புற்றுநோய் உள்ளதா என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்த நேரத்தில் ததாஸ்து தேவதைகள் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், வாயில் வந்ததைப் பலிக்க வைத்துவிடும் என்பது புஸ்தகம் எழுதினவனுக்கு எப்படித் தெரியும்? ஜனங்கள் போனை வைத்த சத்தத்தில் காது வலித்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து வைத்தார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டு வைத்தார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது பேர் பதில் சொன்னார்கள், அதிலும் நாலு பேர் வேறு எதற்கோ போன் வரும் என்று காத்திருந்தவர்கள். தீபாவளிக்குள் அறுபது ஆகாவிட்டால் நிலையத்தை மூடிவிடச் சொல்லி, பணம் கொடுக்கிற டெல்லி அறக்கட்டளையிலிருந்து கடிதாசி வந்தது.

பேச்சியம்மாள் கடையில் நின்றவள். தெருவில் போகிறவளை நிறுத்தத் தெரிந்தவள். புடவை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும், யாருக்கு எடுக்கிறீங்க என்று கேட்டால்தான் கால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் டாக்டரிடம் போய், காலை பத்தரைக்கு மேல், சமையல் முடிந்து ஆசுவாசமாக உட்காருகிற நேரத்துக்குப் போடலாம் என்றாள். ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்கிற ஆரம்ப வரியை எடுத்துவிட்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பிக்கலாம் என்றாள். முதல் கேள்விக்கு ஐந்து கட்டம் இருந்தது: மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். ஊரில் ஒரு ஆள் இந்த ஐந்தில் ஒன்றைச் சொன்னதில்லை. எல்லாரும் சொன்னது, ஏதோ இருக்கோம். டாக்டர் அதைச் சுமார் என்று போடச் சொன்னார். அதெப்படி சார் என்றாள் பேச்சியம்மாள். நன்றாக இருக்கிறவன் கண்ணு படும் என்று பயந்து ஏதோ இருக்கோம் என்பான், படுத்த படுக்கையாக இருக்கிறவன் மானத்துக்கு அஞ்சி அதையே சொல்லுவான். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் வியாதி என்னாவது? ஆகவே அந்த வார்த்தைக்கென்று ஆறாவது கட்டம் ஒன்று போடப்பட்டது. அது வந்தவுடன் அடுத்த கேள்விக்குத் தாவாமல், அப்புறம் என்று ஒரு சொல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டே மாதத்தில் பத்தொன்பது நாற்பத்தொன்று ஆனது. டாக்டர் தன் புஸ்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு இம்மியும் ஏறவில்லை. டெலிபோன் உள்ளவர்களுக்கு டெலிபோன் அலுத்துவிட்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

இந்த இடத்தில்தான் ஸ்ரீரங்கன் வருகிறார். அபயாம்பாளின் வீட்டுக்காரர், பென்ஷன் வாங்குகிற தலைமைக் குமாஸ்தா, நிலையத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்றும் அவருக்கு உண்டு. அவர் தென்சென்னை டெலிபோன் விண்ணப்பதாரர் நலச் சங்கத்தின் கௌரவச் செயலாளர். அந்தக் காலத்தில் டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு ஏழெட்டு வருஷம் காத்திருப்பது சகஜம், காத்திருக்கிற இடத்தில் சங்கம் வைப்பதும் நம்மவர்களுக்குச் சகஜம். இருநூற்றுப் பதினாலு உறுப்பினர்கள். அபிராமபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வருஷாந்திரப் பொதுக்கூட்டம், கூட்டம் முடிந்து ரவா கேசரியும் போண்டாவும். ஏழாவது விதிப்படி, டெலிபோன் கிடைத்த உறுப்பினர் அன்று சாயங்காலத்துக்குள் சங்கத்தை விட்டு விலகிவிட வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்புவார்கள், கண்ணீரோடு. ஸ்ரீரங்கன் சாப்பாட்டு நேரத்தில் நிலையத்து மிஷினிலேயே சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அடித்து வைத்திருந்தார்: வரிசை எண், பெயர், விலாசம், மனு எண். மனு எண்ணும் ஏழு இலக்கம், டெலிபோன் எண்ணும் ஏழு இலக்கம். அந்தத் திங்கட்கிழமை அவர் பேச்சியம்மாளிடம் ஃபைலை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவள் மனு எண்களைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

மணி எல்லா இடத்திலும் அடித்தது. அடையாறில் ஜவஹர் என்கிற பாங்கு கேஷியர் டெலிபோன் வைக்க ஒதுக்கிய சுவரில், வெறுத்துப் போய் முருகன் காலண்டரை மாட்டியிருந்தார். மணி காலண்டருக்குப் பின்னாலிருந்து அடித்தது, அவர் முருகனை மரியாதையாக நகர்த்திவிட்டு எடுத்தார். அபிராமபுரத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும் ஹம்சினி, மணியின் சுருதி அரை இழை கம்மி என்று முதலில் புகார் சொல்லிவிட்டுத்தான் தன் தோள்வலியைப் பற்றிச் சொன்னாள். ஒருவர்கூட வைக்கவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து வந்த முதல் போனை எவனாவது வைப்பானா? அடுக்களையிலிருந்து சம்சாரத்தைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேச வைத்தார்கள். குழந்தையைக் கொண்டு அலோ சொல்ல வைத்தார்கள். மாடியில் குடியிருப்பவர்களும் எதிர்வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்று தங்கள் ரத்த அழுத்தத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நொச்சிக்குப்பத்தில் மீன் ஏலம் விடும் துரைராஜ் மட்டும் தன் உடம்பைப் பற்றிப் பேச மறுத்தார், அதுவும் பெருந்தன்மையால்தான். "எனக்கு இன்னாமே, நல்லாத்தான் கீறேன். பக்கத்து ஊட்ல ஒரு பெர்சு நாலு மாசமா இருமிக்கினு கீது. லைன்லயே இரு, இட்டாறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரியவரைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அவருடைய இருமலை ஃபாரத்தில் எழுத இடம் போதாமல் பேச்சியம்மாள் தனித்தாள் சேர்த்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கன் வீட்டுக்குப் போனபோது, சமையலறையில் பால் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. முக்காலிக்குக் குங்குமம் இட்டிருந்தது. "ஏன்னா, ஆத்துக்கு போன் வந்துது. ஒங்க ஆபீஸ் பொண்ணுதான். எவ்வளவு பாந்தமா விசாரிச்சா தெரியுமோ?" என்றாள் அபயாம்பாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபைல் மாறிய விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதைவிடப் பெரிய கவலை ஏழாவது விதி. மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அடித்தால் டெலிபோனா, இருந்தால் டெலிபோனா என்று இரண்டரை மணி நேரம் விவாதம். எல்லாரும் விலகிவிட்டால் பொன்னாடை போர்த்த ஆள் இருக்காது என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். கடைசியில், பில் வராதது டெலிபோன் ஆகாது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, உறுப்பினர்கள் உறுப்பினர்களாகவே இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நாற்பத்து மூன்றாம் எண்காரர் எழுந்து, எனக்கு இன்னும் வரவில்லையே, வரிசைப்படிதானே வரும் என்று கேட்டார். ஸ்ரீரங்கன் மறுநாள் ஆபீசுக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் உண்மையைச் சொன்னார். அவள் கையிலிருந்த ரிசீவரைக் கீழே வைத்தாள். பிறகு, பதில் நிஜமா வருதுல்ல சார், வர்றதை எழுதாம விட்டா அதுதான் தப்பு என்றாள். நாற்பத்து மூன்றாம் எண்ணை வியாழக்கிழமை கூப்பிட்டாள்.

புரட்டாசி முடிவதற்குள் பட்டியலின் முதல் நூறு வீடுகளில் தொண்ணூற்றேழு வீடுகளின் ஃபாரம் முடிந்தது. மிச்சம் மூன்று வீட்டார் திருப்பதி போயிருந்தார்கள். தொண்ணூற்றேழு வீட்டில் இருபத்தெட்டு வீட்டில் சர்க்கரை. அதில் பதினோரு பேர், பேச்சியம்மாள் அப்புறம் அப்புறம் என்று கேட்டுக் கேட்டுக் கால் எரிச்சலும் ராத்தாகமும் வெளியே வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிந்துகொண்டவர்கள். நொச்சிக்குப்பத்துப் பெரியவர் மருந்து சாப்பிட்டு மறுபடி வலை பின்ன உட்கார்ந்தார். டாக்டர் வெங்கடேஷ் தொண்ணூற்றேழு என்ற எண்ணை மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல் டெல்லிக்கு அனுப்பினார். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் காரணம் எதற்கு? டெல்லிக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. உலகத்தில் எங்கேயும் போனில் தொண்ணூற்றேழு வந்ததில்லை, ஆகவே இது மேஜையில் உட்கார்ந்து எழுதிய ஃபாரம் என்று முடிவு கட்டி, சரிபார்க்க ஹபீபுர் ரஹ்மானை அனுப்பினார்கள்.

ஹபீபுர் ரஹ்மான் இருப்பதும் ராயப்பேட்டைதான், நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. இருபத்து நாலு வருஷமாகச் சர்வே ஃபாரங்களைச் சரிபார்ப்பதே தொழில். டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிய ஃபாரத்தை மோந்தே கண்டுபிடிப்பார் என்று பெயர். ஒரே பேனா, ஒரே சாய்வு, வீட்டுக்கு வீடு நாலு பேர், நாலு பேருக்கும் இருமல்கூடக் கிடையாது என்று இருந்தால் பொய். இதுவரைக்கும் மூன்று ஆபீஸ்களைப் பூட்ட வைத்தவர். பேச்சியம்மாளின் ஃபாரங்களைப் பார்த்து அவரே கொஞ்சம் குழம்பினார், ஏனென்றால் அதில் இருமல் தனித்தாளில் எல்லாம் வழிந்தது. ஆனால் அவர் எண்களைச் சுழற்றியபோது, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு அம்மாள் மூன்று பாஷையில் சொன்னாள். பத்து எண் போட்டார், பத்துக்கும் அதே அம்மாள். அவர் பொய்யைப் பிடிக்கப் போட்டார், இவள் விசாரிக்கப் போட்டாள், அதைத் தவிர என்னிடம் விளக்கம் கிடையாது. வெயிலில் குடையோடு வீடு வீடாக நடந்தார். எந்த வீட்டிலும் டெலிபோன் இல்லை, எல்லா வீட்டிலும் டெலிபோன் வந்தது என்று சத்தியம் பண்ணினார்கள். அபயாம்பாள் அவருக்கு மோர் கொடுத்து முக்காலியையும் காட்டினாள். ஜவஹர் முருகனை நகர்த்திக் காட்டினார். நிலையத்தின் டைப்பிஸ்டே அந்தச் சங்கத்தின் செயலாளர் என்று தெரிந்த பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. தொண்ணூற்றேழு வீடும் கூட்டுச் சேர்ந்துகொண்டு நடத்திய மோசடி, கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வந்து, பேச்சியம்மாளின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். ஃபாரங்கள் கற்பனை, எழுதியவரை உடனே நீக்கவும். கீழே அவள் கையெழுத்துப் போட ஓர் இடம். டாக்டர் வெங்கடேஷ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஸ்ரீரங்கன் எல்லாம் தன்னால் வந்த வினை என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். பேச்சியம்மாள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சார், பதினோரு வருஷம் கடையில நின்னிருக்கேன். சாயம் போற புடவையைச் சாயம் போகாதுன்னு சொல்லி வித்திருக்கேன். அது பொய்தான். இதுல ஒரு வரி பொய் கிடையாது" என்றாள்.

அவர் இந்த மாதிரிப் பேச்சு நிறையக் கேட்டவர். பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவை எடுக்காமல், உங்க வீட்ல போன் இருக்கா சார் என்று கேட்டாள். இல்லை என்றார். மனுப் போட்டிருக்கீங்களா என்றாள். அவர் பர்ஸைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு ரசீதை எடுத்தார். ஏன் எடுத்தோம் என்று பிற்பாடு யோசித்தும் அவருக்குப் புலப்படவில்லை. ஒன்பது வருஷத்து ரசீது, மடிப்பில் எல்லாம் கிழிந்திருந்தது. அவள் எண்ணைப் பார்த்துச் சுழற்றி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள்.

மணி அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒரு தையல் மிஷின் ஓடி ஓடி நின்றது. அது பக்கத்து வீட்டுக் காதரின் மிஷின், இருபத்து நாலு வருஷமாக அவர் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிற மிஷின், அந்தச் சத்தத்தை யாராலும் மேஜையில் உட்கார்ந்து எழுத முடியாது. பிறகு அவர் பீவி நஸ்ருன்னிசா அலோ என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசினதே இல்லை. பேச்சியம்மாள் ஒரு வெற்று ஃபாரத்தை அவர் முன்னால் தள்ளினாள். எதிரில் ஃபாரம் இருந்தால் அவரால் பேச முடியும், ஆகவே அதைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். தென்சென்னை நலக் கணிப்பு நிலையத்திலிருந்து பேசுகிறேன், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?

அந்தப் பக்கம் மிஷின் மறுபடி ஓடி நின்றது. பிறகு நஸ்ருன்னிசா, "சொல்லுங்க சார்" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் பண்ணினவளுக்குக் குரல் தெரியாமல் போகுமா? தெரிந்துதான் சார் என்றாள். தனக்கு முட்டிவலி, மற்றபடி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆகிறது என்றாள், அதையும் எழுதிக்கொண்டார். ஒன்பதாவது கேள்விக்கு வந்தார்: வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா?

"இருக்கு சார். புள்ளைங்க அத்தாவுக்கு. ரெண்டு வருஷமா ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறாங்க. கால் எரியுதுன்னு வாளித் தண்ணியில காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் தூங்குறேன்னு நெனப்பு. டெஸ்ட் எடுக்கச் சொன்னா, ஆபீஸ்லயே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஊரு பொய்யையெல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷன் சார், வீட்டுல வந்து பொய் சொல்லுது. எழுதிட்டீங்களா?"

ஃபாரம் நிரப்புகிறவன் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதை அவரே நூறு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர். அவர் எழுதினார். ஒரு வார்த்தையும் விடவில்லை. பொய் சொல்லுது என்பதையும் எழுதினார். எழுதிவிட்டு, எழுதிட்டேன் என்றார். கடைசிக் கேள்வி, ஒரு வாரத்துக்குள் பரிசோதனைக்குப் போகச் சம்மதமா என்பது. அதை அவர்கிட்டதான் சார் கேக்கணும் என்றாள் நஸ்ருன்னிசா.

"கேட்டாச்சு. நாளைக்குக் காலையில போறேங்கிறாரு" என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

ரிசீவரை வைத்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது அழுக்காக இல்லை. பிறகு தன் அறிக்கையை எடுத்து, நாலாகக் கிழித்து, புதுத் தாளில் எழுதினார்: தொண்ணூற்றேழு ஃபாரமும் சரிபார்க்கப்பட்டன, அத்தனையும் நிஜம், தொண்ணூற்றெட்டாவதை நானே எழுதினேன், அதுவும் நிஜம். கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். டெல்லியில் அந்த மனிதர் கையெழுத்தைச் சந்தேகப்படுகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது. பேச்சியம்மாள் அப்போதும் கைப்பிடியை விடவில்லை, விடச் சொல்லி ஸ்ரீரங்கன்தான் மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை காலை ஹபீபுர் ரஹ்மான் வெறும் வயிற்றோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார், கூடவே நஸ்ருன்னிசாவும் போய் வரிசையில் நின்றாள். சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. காலும் கண்ணும் தப்பித்தன, காலாகாலத்தில் வந்தீர்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லை, கோதுமை தோசையைப் பார்த்து மட்டும் பெருமூச்சு விட்டார்.

நிலையம் மூடப்படவில்லை. அடுத்த வருஷம் நாற்காலி எட்டு ஆனது, எட்டுப் பெண்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள், அத்தனை பேருக்கும் அப்புறம் சொல்லக் கற்றுக்கொடுத்தது பேச்சியம்மாள். அவளுக்குத் தனி அறை கொடுத்தபோது, அறை வேண்டாம், காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல் போதும் என்றாள். ஊருக்குச் சென்னை என்றே எல்லா பாஷையிலும் பெயர் வந்தது. கத்தரிக்காய் பன்னிரண்டு ரூபாய்க்குப் போனது. வெயிட்டிங் லிஸ்ட் மளமளவென்று குறைந்து, சங்கத்தில் வாரத்துக்கு இரண்டு பொன்னாடை செலவானது. ஹபீபுர் ரஹ்மான் வாரத்தில் ஆறு நாளும் நாலு மணிக்கு நிலையத்துக்கு வந்து, பேச்சியம்மாளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரசீதைப் பிரித்து வைத்துக்கொண்டு, தானே எண்ணைச் சுழற்றுவார். இப்போதெல்லாம் அந்த மூன்று பாஷை அம்மாள் அவருக்கு வருவதில்லை. நஸ்ருன்னிசா எடுப்பாள். மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று அவள் கேட்பாள், முட்டி எப்படி இருக்கிறது என்று இவர் கேட்பார், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேசாததெல்லாம் பேசுவார்கள். 1997 தை மாதம் ஒரு புதன்கிழமை அவர் எண்ணைச் சுழற்றிவிட்டு முகத்தைச் சுளித்தார். மறுபடி சுழற்றினார். ரிசீவரைப் பேச்சியம்மாள் காதிலும் வைத்துக் காட்டினார். லைன் எங்கேஜ்டு. நஸ்ருன்னிசா அந்த நேரத்தில் மயிலாப்பூர் அபயாம்பாளோடு, வெந்தயத்தை ஊற வைத்துச் சாப்பிடுவதா பொடி பண்ணிச் சாப்பிடுவதா என்று பேசிக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது. இரண்டு வீட்டிலும் அப்போதும் டெலிபோன் கிடையாது. அப்படி என்னதான் பேசுவாளுங்களோ என்று அலுத்துக்கொண்டார் ஹபீபுர் ரஹ்மான். பேசட்டும் சார், உட்காருங்க என்றாள் பேச்சியம்மாள். அவர் ஒரு சர்க்கரை போடாத டீ சொல்லி, குடித்து முடித்து, கால் மணி கழித்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் எங்கேஜ்டு.